சித்தியின் சேலைனில் ஓடும் சிவப்பு

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். வெள்ளவத்தையில் இருக்கும் உங்கள் சித்திக்கு மார்பகப் புற்றுநோய். மகரகம ஆஸ்பத்திரியில் இரண்டாவது தடவை மருந்து ஏற்றி முடிந்திருக்கிறது. தாதி கொண்டுவந்த ஊசிக்குழாயில் இருந்தது, பலூடாவுக்கு ஊற்றுகிற ரோஸ் சிரப் மாதிரி நல்ல சிவப்பு. பக்கத்துக் கட்டில் அம்மா, "இது மண்ணில இருக்கிற கிருமியில இருந்து எடுக்கிற மருந்து பிள்ளை" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா என்பது உங்கள் முதல் கேள்வி. கடலடி பற்றீரியா ஒன்று புற்றுநோயைக் கொல்கிறது என்று வாட்ஸப்பில் சுற்றுகிற வீடியோவை நம்பலாமா என்பது இரண்டாவது. தெரிந்தவர் ஒருவர் "நல்ல நுண்ணங்கிகள்" நிறைந்தது என்று கொடுத்த புளித்த பானத்தைச் சித்திக்குக் கொடுக்கலாமா என்பது மூன்றாவது.

முதலாவதற்கு ஓம். இரண்டாவதற்குப் பாதி ஓம். மூன்றாவதற்கு இல்லை. நான் டொக்டர் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆய்வுகூடத்தில் மண்ணோடும், கிருமி வளர்க்கிற அகார் தட்டோடும் மாரடித்தவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சிவப்பு மருந்து டொக்சோரூபிசின். வார்ட்டில் பழைய பெயரான அட்ரியாமைசின் என்றும் சொல்வார்கள். இதன் ஊர் இத்தாலி. தெற்கு இத்தாலியின் அப்புலியா பகுதியில் காஸ்டெல் டெல் மொன்டே என்று 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று குன்றின்மேல் நிற்கிறது. அதன் அருகே எடுத்த மண்ணிலிருந்து, ஃபார்மிதாலியா என்ற மருந்துக் கம்பனியின் ஆட்கள் ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். சிவப்புச் சாயம் சுரக்கிற பற்றீரியா. பெயர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பியூசீஷியஸ். அந்தச் சாயம் எலிகளின் கட்டிகளைச் சுருக்கியது. அதே காலத்தில் பிரான்சிலும் தனியாக இதே பொருளைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தப் பகுதியில் முற்காலத்தில் வாழ்ந்த டவுனி என்ற இனத்தின் பெயரையும் மாணிக்கக் கல்லைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையும் சேர்த்து டவுனோரூபிசின் என்று பெயர் வைத்தார்கள். இது 1960களின் தொடக்கம்.

பிறகு அதே பற்றீரியாவில் மரபணு மாற்றத்தைத் தூண்டிப் பார்த்தபோது, ஒரு புதிய வகை சற்று வேறான சிவப்பைச் சுரந்தது. பக்கத்திலிருந்த ஏட்ரியாட்டிக் கடலை வைத்து அதற்கு அட்ரியாமைசின் என்று பெயர். முதலாவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரேயொரு ஒட்சிசன் அணு. உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர் நீங்கள், ஒரு ஐதரொட்சில் கூட்டம் கூடியிருக்கிறது என்றால் போதும். அந்த ஒரு அணுவால் டவுனோரூபிசின் பெரும்பாலும் குருதிப் புற்றுநோயோடு நின்றுவிட, டொக்சோரூபிசின் மார்பகம், எலும்பு, நிணநீர்க் கணு என்று பல இடங்களுக்கும் போனது. அமெரிக்காவில் 1974இல் அனுமதி கிடைத்தது. ஐம்பது வருடம் தாண்டியும் மகரகமவில் ஏற்றுகிறார்கள் என்றால் அது பழைய சரக்கு என்பதால் அல்ல. அந்த இடத்தை நிரப்ப அதைவிடத் திறமான ஒன்று இன்னும் வரவில்லை.

ஒரு சின்ன விஷயம்: மருந்து ஏற்றிய அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். அது அந்தச் சாயம்தான், இரத்தம் இல்லை. முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு விடியவிடிய அழுதவர்கள் இருக்கிறார்கள். சில நாள் கழித்தும் சிவப்பாகவே போனால் மட்டும் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்.

சரி, ஒரு மண் பற்றீரியா ஏன் இப்படிப்பட்ட நஞ்சைத் தயாரிக்க வேண்டும்?

ஒக்டோபரில் கொழும்பில் முதல் மழை விழும்போது எழும்புகிற மண்வாசனை உங்களுக்குத் தெரியும். அந்த வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளைப் பெரும்பாலும் சுரப்பவை இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் கூட்டம்தான். இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். மாணவர்களுக்கு நான் கொடுக்கிற முதல் வேலை, கட்டடத்துக்கு வெளியே பூப்பாத்தியில் ஒரு தேக்கரண்டி மண் எடுத்து வருவது. அதை உலர்த்தி, தண்ணீரில் பலமுறை ஐதாக்கி, மாப்பொருள் கலந்த அகார் தட்டில் பூசி வைப்போம். மற்றப் பற்றீரியாக்கள் மறுநாளே வழவழவென்று வந்துவிடும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் அவசரப்படாது. ஐந்தாம் ஆறாம் நாள்தான், பிட்டு மா தூவினதுபோல வெள்ளையாக, சாம்பல் நிறமாகப் புள்ளி புள்ளியாகத் தலைகாட்டும். கம்பி வளையத்தால் தொட்டால் வராது. தோல் மாதிரி இறுகி அகாருக்குள் வேர்விட்டிருக்கும். மூடியைத் திறந்தால் அறை முழுக்க மழை பெய்த வாசனை. தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தால் சிலவற்றைச் சுற்றி மஞ்சள், சிவப்பு, நீலம் என்று சாயம் கசிந்திருக்கும். அந்தச் சாயம் கசிந்த இடத்துக்குள் வேறு எதுவும் முளைத்திருக்காது.

விடை அந்தத் தட்டில் இருக்கிறது. ஓடவோ ஒளியவோ முடியாமல் ஓரிடத்தில் வேர்விட்டுக் கிடக்கிற உயிரி, பக்கத்து வீட்டுக்காரனை இரசாயனத்தால்தான் சமாளிக்க வேண்டும். எல்லாமே சண்டைக்கான ஆயுதம் என்றும் சொல்லிவிட முடியாது. குறைந்த அளவில் சில தங்களுக்குள் பேசிக்கொள்கிற சமிக்ஞையாகவும் வேலை செய்கின்றன. எப்படியானாலும், பிரிந்து பெருகுகிற கலத்தின் முக்கியமான பொறிகளில் போய்ப் பிடிக்கிற மூலக்கூறுகளைக் கோடிக்கணக்கான வருடமாகச் செய்து பழகியவை இவை. டிஎன்ஏ எல்லா உயிருக்கும் பொது. அதனால் பக்கத்துப் பற்றீரியாவுக்கு வைத்த பொறியில் நம் புற்றுநோய்க் கலமும் விழுகிறது.

இதை முதலில் உணர்ந்தது கிருமிக்கு மருந்து தேடப் போனவர்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனும் பொய்ட் வுட்ரஃபும் 1940இல் அக்டினோமைசினைப் பிரித்தெடுத்தார்கள். கிருமியையும் கொன்றது, கிருமியைச் சுமந்த மிருகத்தையும் கொன்றது. நுண்ணுயிர்கொல்லியாக அது தோல்விதான். வாக்ஸ்மன் பிறகு ஸ்ட்ரெப்டோமைசினுக்காக 1952இல் நோபல் வாங்கினார். ஆனால் பொஸ்டனில் சிறுவர் புற்றுநோய் பார்த்துக்கொண்டிருந்த சிட்னி ஃபார்பர், அந்த நஞ்சின் ஒரு வடிவத்தை 1950களில் கையில் எடுத்தார். சிறுவர்களின் சிறுநீரகத்தில் வருகிற வில்ம்ஸ் கட்டிக்குச் சத்திரசிகிச்சையோடும் கதிரோடும் சேர்த்துக் கொடுத்தபோது, அதுவரை பிழைக்காத பிள்ளைகள் பிழைத்தார்கள். இன்றும் அந்தக் கட்டிக்கு அதே அக்டினோமைசின்தான். கரு சரியாக உருவாகாத முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துக்குப் பிறகு சிலருக்கு வருகிற புற்றுநோய்க்கும் அதைக் கொடுக்கிறார்கள்.

இனிச் சித்தியின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காலிமுகத்திடலில் பட்டம் விடும்போது நூல் சிக்கிக்கொண்டால் என்ன செய்வோம்? ஓரிடத்தில் அறுத்து, சிக்கை எடுத்து, திரும்ப முடிந்துவிடுவோம். கலம் பிரியும்போது டிஎன்ஏ நூலுக்கும் இதே கதி. அறுத்து முடிகிற வேலையைச் செய்வது டோப்போஐசோமரேஸ் என்ற நொதியம். டொக்சோரூபிசின் டிஎன்ஏயின் படிகளுக்கு நடுவே செருகிக்கொண்டு, நொதியம் அறுத்த பிறகு முடிய விடாமல் பிடித்துக்கொள்ளும். அறுந்த நூல் அறுந்தபடியே கிடந்தால் கலம் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும். வேகமாகப் பிரிகிற கலங்களில்தான் இந்த வெட்டும் முடிச்சும் கூட. புற்றுநோய்க் கலம் அப்படி. தலைமயிர் வேரும், வாய்க்குள்ளிருக்கும் மென்சவ்வும், குருதிக் கலங்கள் பிறக்கிற எலும்பு மச்சையும் அப்படித்தான். சித்தியின் முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் மருந்து பிழையானதால் அல்ல, அது ஆள் பார்த்து அடிக்காததால்.

இதயத்தின் கதை வேறு. இதயக் கலங்கள் அநேகமாகப் பிரிவதே இல்லை, ஆனாலும் இந்த மருந்து அங்கே தேங்கி வேறு வழியில் சேதம் செய்கிறது. அந்தச் சேதம் கூடிக்கொண்டே போகும். இந்த வருடம் வாங்கியதும் ஐந்து வருடத்துக்குப் பிறகு வாங்குவதும் ஒரே கணக்கில்தான் சேரும். அதனால்தான் வாழ்நாளுக்கு இவ்வளவுதான் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள்: உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 450 முதல் 550 மில்லிகிராம். முதல் ஊசிக்கு முன் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கச் சொன்னதும் அதற்காகத்தான். அந்த ரிப்போர்ட்டையும், எத்தனை தடவை எவ்வளவு ஏற்றினார்கள் என்ற துண்டையும் பத்திரமாக வையுங்கள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. இவ்வளவு நஞ்சைச் சுரக்கிற பற்றீரியா ஏன் தானே சாவதில்லை? அதன் மென்சவ்வில் ஒரு பம்ப் இருக்கிறது. சுரந்ததை உடனுக்குடன் வெளியே தள்ளிவிடும். இனி வேடிக்கையைப் பாருங்கள். சில நோயாளிகளில் சில மாதத்துக்குப் பிறகு மருந்து வேலை செய்யாமல் போவதற்கு ஒரு காரணம், புற்றுநோய்க் கலங்களும் தங்கள் சுவரில் ஒரு பம்பைப் பெருக்கிக்கொள்வது. இரண்டு பம்பும் ஒரே புரதக் குடும்பம். இத்தாலி மண்ணில் ஒரு பற்றீரியா கண்டுபிடித்த தந்திரத்தை மனிதக் கலமும் கையில் வைத்திருக்கிறது. இதைப் படிப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கொஞ்சம் மயிர்க்கூச்செறியும்.

சித்தியின் சார்ட்டை எடுத்துப் பார்த்தால் சிவப்போடு சைக்ளோபொஸ்பமைட் என்றும் எழுதியிருக்கும். அது மண்ணிலிருந்து வந்ததல்ல, யுத்தத்தில் பாவித்த மஸ்டர்ட் வாயுவின் வழிவந்த செயற்கை மருந்து. அடுத்த கட்டத்தில் பெரும்பாலும் டக்சோல் வரும். அது யூ என்ற மரப்பட்டையில் முதலில் கிடைத்தது. ஒரே ஆளுக்குள் ஒரு பற்றீரியா, ஒரு யுத்த வாயு, ஒரு மரம். ஹொட்ஜ்கின் நோய் என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற நான்கு மருந்துச் சேர்க்கையில் இரண்டு ஸ்ட்ரெப்டோமைசிஸ் தந்தவை, ஒன்று நம் வீட்டு வாசலில் நிற்கிற நித்தியகல்யாணியின் சொந்தம்.

அந்த இரண்டில் ஒன்று சித்தியின் டொக்சோரூபிசின், மற்றது பிளியோமைசின். ஜப்பானில் ஹமாவோ உமெசாவா 1960களில் கண்டுபிடித்தது. இது இரும்பையும் ஒட்சிசனையும் பிடித்துக்கொண்டு டிஎன்ஏயை நேரே அறுக்கும். இதை முறிக்கிற நொதியம் உடம்பில் பல இடங்களில் இருந்தாலும் சுவாசப்பையிலும் தோலிலும் குறைவு, ஆகவே பக்கவிளைவு அங்கேதான் வரும். எப்போதாவது பிளியோமைசின் ஏற்றிய எவரும், பின்னாளில் எந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டரிடம் அதைச் சொல்லிவைக்க வேண்டும். அவர் ஒட்சிசன் அளவைப் பார்த்துக் கொடுப்பார். ஊதா நிறத்தில் சிறுநீர்ப்பைக்குள் விடுகிற மைட்டோமைசினும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பம்தான்.

சிறுவர் வார்ட்டில் குருதிப் புற்றுநோய்க்குப் போடுகிற அஸ்பரஜினேஸ் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. அது நஞ்சே இல்லை, ஒரு நொதியம். 1953இல் ஜோன் கிட் என்பவர் கினிப்பன்றியின் குருதிச் சீரம் எலிகளின் நிணநீர்க் கட்டியைக் கரைப்பதைக் கவனித்தார். காரணம் அதிலிருந்த அஸ்பரஜினேஸ் என்று பிறகு தெரிந்தது. சிலவகைப் புற்றுநோய்க் கலங்களுக்கு அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தைத் தேவைக்குச் சொந்தமாகச் சமைக்கத் தெரியாது. குருதியிலிருந்துதான் வாங்கித் தின்ன வேண்டும். நொதியம் குருதியிலுள்ள அஸ்பரஜினைத் தீர்த்துவிட்டால் பட்டினிதான். கினிப்பன்றிகளை வைத்து உலகத்துக்கு மருந்து கொடுக்க முடியாதே! நம் குடலிலேயே வாழ்கிற ஈ. கோலை பற்றீரியா அதே நொதியத்தைச் செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் அது மருந்தானது.

ரபமைசினையும் சொல்லாமல் விட மனமில்லை. 1964இல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன ஆய்வுக் குழு மண் எடுத்துவந்தது. மொன்றியலில் சுரேன் சேகால் என்ற விஞ்ஞானி அதிலிருந்து பங்கசைக் கொல்லும் பொருளாக ரபமைசினைப் பிரித்தார். கம்பனி அந்த ஆய்வுகூடத்தை மூடியபோது அவர் பற்றீரியாவை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொந்த ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வருடக்கணக்காகக் காப்பாற்றினார். அதன் வழித்தோன்றல்களான டெம்சிரோலிமஸ் 2007இலும் எவரோலிமஸ் 2009இலும் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றன. மருந்துக்குத் தங்கள் தீவின் பெயரைக் கொடுத்த ரப்பா நுயி மக்களுக்கு இலாபத்தில் பங்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சில பொருட்கள் அளவுக்கு மிஞ்சிய வீரியம் கொண்டவை. டெக்சாஸ் மாநிலத்துச் சுண்ணாம்பு மண்ணில் கிடைத்த கலிக்கீமைசின் டொக்சோரூபிசினைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கொடியது. அப்படியே ஏற்றினால் ஆள் தப்பாது. ஆகவே அதைப் புற்றுநோய்க் கலத்தின் மேற்பரப்பைத் தேடிப் பிடிக்கிற பிறபொருளெதிரியின் முதுகில் கட்டி அனுப்பினார்கள். கலத்துக்குள் போன பிறகுதான் கட்டு அவிழும். அப்படி வந்த மைலோடார்க் என்ற மருந்து 2000இல் அனுமதி பெற்று, 2010இல் திரும்பப் பெறப்பட்டு, அளவைக் குறைத்து 2017இல் மீண்டும் வந்தது. மொரீஷியஸ் கடலில் பிடித்த கடல் முயல் என்ற ஓடில்லாத நத்தையில் இன்னொரு நஞ்சு கிடைத்தது, டொலாஸ்டாட்டின். தொன் கணக்கில் நத்தை பிடித்தும் 30 மில்லிகிராம்கூடத் தேறவில்லை. பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, நத்தை அதைச் செய்வதே இல்லை. அது மேய்கிற நீலப்பச்சைப் பற்றீரியாதான் செய்கிறது. அதன் செயற்கை நகலைப் பிறபொருளெதிரியோடு கட்டி 2011 முதல் ஹொட்ஜ்கின் நோய்க்குக் கொடுக்கிறார்கள். நம் பக்கத்துக் கடல்தான்.

உங்கள் வீடியோவுக்கு இப்போது வரலாம். அதில் சொல்கிற கடலடிப் பற்றீரியா சலினிஸ்போராவாக இருக்க வேண்டும். பஹாமாஸ் கடலடி மண்ணில் கிடைத்தது. கலிபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் நிறுவனத்தில் வில்லியம் ஃபெனிக்கல் குழுவினர் அதிலிருந்து பிரித்த சலினோஸ்போரமைட்டின் அமைப்பை 2003இல் வெளியிட்டார்கள். கலம் தன் பழைய புரதங்களை அரைத்துத் தள்ளுகிற குப்பை இயந்திரத்தை அது அடைத்துவிடும். தட்டில் புற்றுநோய்க் கலங்களை அருமையாகக் கொன்றது, மூளைக்குள்ளும் போகக்கூடியது. ஆகவே மூளைக் கட்டி நோயாளிகள் ஏறத்தாழ 750 பேரை வைத்து மூன்றாம் கட்டச் சோதனை நடந்தது. வழக்கமான சிகிச்சையோடு இதையும் பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. வீடியோவில் இந்தக் கடைசி வரி இல்லை. அதே குப்பை இயந்திரத்தைத் தாக்குகிற இன்னொரு நுண்ணங்கிப் பொருள் எபொக்சோமைசின். அதை மாதிரியாக வைத்துச் செய்த கார்ஃபில்சோமிப் 2012இல் அனுமதி பெற்று எலும்பு மச்சைப் புற்றுநோய்க்கு வேலை செய்கிறது. எது தேறும், எது தேறாது என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தட்டில் கொல்வது எவ்வளவு சுலபம் என்று என் வெட்கக்கேடு ஒன்றைச் சொல்கிறேன். 96 குழி கொண்ட தட்டில் மார்பகப் புற்றுநோய்க் கலங்களை வளர்த்து, மேலே நாம் எடுத்த சாறை விட்டு, பிறகு ஒரு மஞ்சள் சாயம் போடுவோம். உயிரோடிருக்கும் கலம் அதை ஊதாவாக்கும். செத்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். ஒருமுறை பூப்பாத்தி மண்ணிலிருந்து வந்த ஒரு சாறு விட்ட வரிசை முழுக்கப் பளிச்சென்று மஞ்சள். மாணவர்களுக்குத் தலைகால் தெரியவில்லை, எனக்கும்தான். பிறகு சாதாரணக் கலங்களில் போட்டுப் பார்த்தால் அதுவும் மஞ்சள். மண் சாறே இல்லாமல், கரைக்கப் பாவித்த திரவத்தை மட்டும் அதே அளவில் விட்டுப் பார்த்தோம். அதுவும் மஞ்சள்! ஐதாக்கும் கணக்கில் நான் விட்ட பிழை. கலங்களைக் கொன்றது கரைப்பான்.

பிழை விடாதபோதும் வேறு தலையிடி இருக்கிறது. மாதக்கணக்காகச் சுத்திகரித்து அமைப்பைப் பார்த்தால், 1940இலேயே கண்டுபிடித்த அக்டினோமைசின் சிரித்துக்கொண்டு நிற்கும். நம் நாட்டு ஆய்வுகளில் "எதிர்காலத்தில் மருந்தாகலாம்" என்ற வரியோடு பல நிற்பதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. அடுத்த படிக்கு நூற்றுக்கணக்கான லீற்றர் வளர்க்கிற தாங்கி வேண்டும், விலங்குச் சோதனை வேண்டும், பத்து வருடம் பொறுக்கிற பணம் வேண்டும். ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஒன்றின் மரபணுத் தொகுதியை 2002இல் முழுதாக வாசித்தபோது, அதுவரை தெரிந்த சில பொருட்களுக்குப் பதிலாக 20க்கும் மேற்பட்ட பொருட்களுக்கான செய்முறைகள் அதற்குள் உறங்கிக் கிடந்தன. பூப்பாத்தி மண்ணில் இருப்பதை நாம் இன்னும் கேட்டுத் தீர்க்கவில்லை.

கடைசியாக அந்தப் போத்தல். "மருந்தே நுண்ணங்கியிலிருந்துதானே வருகிறது, அப்போ நுண்ணங்கியைக் குடித்தால் என்ன" என்று உங்கள் தெரிந்தவர் கேட்டிருக்கிறார். டொக்சோரூபிசினை வாயால் குடித்தாலே குடல் அதைச் சரிவர உறிஞ்சாது, அதனால்தான் நாளத்தில் ஏற்றுகிறார்கள். புளித்த பானத்தில் இருக்கிறவை வேறு இனம், அவை இதைச் செய்வதும் இல்லை. அதைவிடப் பெரிய காரணம், மருந்து ஏற்றிப் பத்துப் பதினான்கு நாளளவில் வெண்குருதிக் கலங்கள் அடிமட்டத்துக்கு விழும். அந்த நேரத்தில் வீட்டில் புளிக்கவைத்த, என்னென்ன வளர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒன்றைக் கொடுத்தால், சாதாரண ஆளுக்கு வயிற்றுப்போக்கோடு போவது சித்திக்குக் குருதி வரைக்கும் போகலாம். தயிர் போன்றவற்றைக்கூட வார்ட் டொக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வீட்டில் ஒரு தெர்மோமீட்டர் இருக்கட்டும். 38 பாகையைத் தொட்டால், இரவு இரண்டு மணியானாலும் பனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

கொடுத்தவர் கேட்டால் சித்தி குடித்துவிட்டார் என்று சொல்லாதீர்கள். அடுத்த போத்தலோடு வந்து நிற்பார். டொக்டர் மறித்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, அதைப் பூக்கன்றுக்கு ஊற்றிவிடுங்கள்.